இரத்தக் குழாய் மறப்பதில்லை





மருத்துவமனை ஞாயிறு ஆராதனைக்காக சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் பகுதிச் சபைகளுக்குச் செல்லும்போது, ஆராதனை முடிந்து வாசலில் நிற்கையில் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். "ஐயா, காலில் புண்ணோடு வருகிறவருக்கு உதவி செய்கிறீர்கள். அதற்கு நாங்கள் சந்தோஷமாய்க் கொடுக்கிறோம். ஆனால் ஒரு வலியும் இல்லாமல் நன்றாக நடந்து வருகிற சர்க்கரை நோயாளிக்கு மாதாமாதம் பரிசோதனை, மாத்திரை, கண் சோதனை என்று ஏன் இவ்வளவு செலவு? அந்தப் பணத்தை உண்மையில் கஷ்டப்படுகிறவர்களுக்கே கொடுக்கலாமே?"

நியாயமான கேள்வி இது. காணிக்கையாய் வருகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் நாங்கள் தேவனுக்கும் உங்களுக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள். ஆகவே இந்த இதழில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். அந்தப் பதிலின் முக்கியமான பகுதி நம் வார்டுகளிலிருந்து வந்ததல்ல. ஆய்வுக்கூடங்களில் நீரிழிவு நோய்க்கு உட்படுத்தப்பட்ட நாய்கள், முயல்கள், எலிகள் ஆகிய வாயில்லா ஜீவன்களிடமிருந்து வந்தது. நான் வைத்தியன் அல்ல, போதகன். டாக்டர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டதை நம் சபையார் எல்லாருக்கும் விளங்கும்படி சொல்ல முயலுகிறேன்.

ஓசையில்லாமல் வரும் நோய்

ஒரு தலைமுறைக்கு முன் தாம்பரம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வந்தது காசநோய் சானடோரியம். 1928ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியின் பெயர்தான் பக்கத்து ரயில் நிலையத்துக்கும் நிலைத்தது. காசநோய்க்கு இருமல் உண்டு, காய்ச்சல் உண்டு, உடம்பு மெலியும். ஆகவே நோயாளி தானாகவே ஆஸ்பத்திரியைத் தேடி வருவார். சர்க்கரை நோய் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. பல ஆண்டுகள் ஓசையில்லாமல் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். கண் மங்கும்போதோ, கால் மரத்துப்போகும்போதோ, மாரடைப்பு வரும்போதோதான் பலர் முதல் முறையாக விழித்துக்கொள்கிறார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023ல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அந்த நோயின் வாசற்படியில் நிற்கிறார்கள் என்றும் சொன்னது. சென்னை நகரில் நடத்தப்பட்டு 2005ல் வெளியான கண் ஆய்வு ஒன்றில், நீரிழிவு உள்ளவர்களில் 100க்கு ஏறக்குறைய 18 பேருக்கு விழித்திரையின் இரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டிருந்தன. அவர்களில் பார்வை இன்னும் தெளிவாக இருந்தவர்களும் உண்டு. பார்வை கெடுவதற்கு முன்பே குழாய் கெடத் தொடங்கிவிடுகிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

நம் உடலில் இரத்தக் குழாய் செல்லாத இடம் மிகக் குறைவு. இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய தமனி கைவிரல் அளவு பருமனுள்ளது. அது கிளை கிளையாய்ப் பிரிந்து, முடிவில் தந்துகிகள் எனப்படும் நுண்ணிய குழாய்களாகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் 5 முதல் 10 பங்குதான் தந்துகியின் குறுக்களவு. இரத்தத்திலுள்ள சிவப்பணு அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக, நெருக்கிக்கொண்டுதான் போகவேண்டும். அந்த இடத்தில்தான் பிராணவாயுவும் உணவும் தசைக்கும் நரம்புக்கும் கைமாறுகின்றன. நீரிழிவு முக்கியமாய்த் தாக்குவது இந்த நுண்குழாய்களை. கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் முதலில் பழுதடைவது இதனால்தான். பெரிய தமனிகளிலும் கொழுப்புப் படிவதை நீரிழிவு துரிதப்படுத்துகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் காலுக்கு இரத்தம் குறைவதும் அதன் விளைவுகள்.

விலங்குகளிடம் ஏன் போனார்கள்?

உயிரோடிருக்கும் மனிதனின் சிறுநீரகத்தையோ விழித்திரையையோ மாதந்தோறும் வெட்டிப் பார்க்க முடியாது. மனிதனுக்கு இந்தப் பாதிப்பு உருவாக 10, 15 ஆண்டுகளும் ஆகலாம். எலியின் முழு ஆயுளே 2 அல்லது 3 ஆண்டுகள்தான். மனிதனில் பல ஆண்டுகளில் நடப்பதன் ஆரம்பக் கட்டங்களை எலியில் சில மாதங்களில் காணலாம். ஆராய்ச்சியாளர்கள் விலங்குகளிடம் போனதற்கு இதுவே காரணம்.

இந்த வரலாறு ஒரு நாயிடமிருந்து தொடங்குகிறது. 1889ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, ஃபான் மேரிங் என்ற இரு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அந்த நாய்க்கு நீரிழிவு வந்தது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஏதோ ஒன்று கணையத்தில் இருக்கிறது என்று உலகம் அப்போது அறிந்தது. 1921ல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களைக் கொண்டு செய்த சோதனைகளில் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுவே இன்சுலின். 1922 ஜனவரியில் மரணத் தறுவாயிலிருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது செலுத்தப்பட்டது. அவன் பிழைத்தான். இன்றைக்கு நம் வார்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவரும் அந்த நாய்களுக்குக் கடன்பட்டவர்கள்.

இன்சுலின் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணினார்கள். ஆனால் அதுவரை சில மாதங்களில் மரித்துப்போன பிள்ளைகள் இப்போது 20, 30 ஆண்டுகள் உயிரோடிருந்ததால், அவர்களுடைய கண்களும் சிறுநீரகங்களும் பழுதடைவதை டாக்டர்கள் கண்டார்கள். உயிரைக் காத்த மருந்து, இரத்தக் குழாய்களை முழுவதும் காக்கவில்லை. அந்த ஆராய்ச்சிக்கு, நீரிழிவோடு நெடுநாள் வாழும் விலங்குகள் தேவைப்பட்டன.

1943ல் கிளாஸ்கோ நகரில் ஒரு மருத்துவக் குழு வேறு ஒரு ஆராய்ச்சிக்காக முயல்களுக்கு அலாக்சன் என்ற இரசாயனத்தைச் செலுத்தியபோது, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் மட்டும் அழிந்துபோவதைக் கண்டது. அறுவை சிகிச்சையின்றியே விலங்குக்கு நீரிழிவு உண்டாக்கும் வழி இப்படிக் கிடைத்தது. 1963ல் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மற்றொரு பொருளுக்கும் அதே தன்மை உண்டென்று அறிந்தார்கள். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைப்பது அது. அதன் அமைப்பில் சர்க்கரையின் சாயல் இருப்பதால் இன்சுலின் செல் அதைச் சர்க்கரை என்று எண்ணி உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே போனபின் அது செல்லையே அழிக்கிறது. இன்றுவரை உலகெங்கும் நீரிழிவு எலிகள் பெரும்பாலும் இந்த முறையில்தான் உருவாக்கப்படுகின்றன. நமக்கு அருகில் கிண்டியிலும் தரமணியிலும் உள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகங்களிலும் இப்படிப்பட்ட எலிகளைக் கொண்டு பல ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன.

குழாய்க்குள் கண்டது என்ன?

இரத்தக் குழாயின் உட்புறம் முழுவதும் ஒரே ஒரு செல் கனமுள்ள மெல்லிய உள்தோல் ஒன்று விரிந்திருக்கிறது. அது வெறும் பூச்சு என்றே நெடுங்காலம் கருதினார்கள். 1980ல் அமெரிக்காவில் ஃபர்ச்காட் என்பவர் முயலின் பெருந்தமனியைச் சோதித்தார். உள்தோல் இருந்தால் குறிப்பிட்ட மருந்துக்குக் குழாய் தளர்ந்து விரிந்தது. உள்தோல் உரசிப் போயிருந்தால் விரியவில்லை. அந்தத் தோல்தான் குழாயைத் தளரச் செய்யும் ஏதோ ஒன்றைச் சுரக்கிறது என்பது தெளிவாயிற்று. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பின்னர் கண்டறியப்பட்டது. இதற்காக அவருக்கும் வேறு இருவருக்கும் 1998ல் நோபல் பரிசு கிடைத்தது.

நீரிழிவு எலியின் தமனியை வளையமாக நறுக்கி அதே சோதனையைச் செய்தபோது, உள்தோல் இருந்தும் குழாய் சரியாக விரியவில்லை. சர்க்கரை மிகுந்த இரத்தம் உள்தோலில் தீங்கான இரசாயனங்களைப் பெருகச் செய்கிறது. அவை நைட்ரிக் ஆக்சைடை அழித்துவிடுகின்றன. விரிய வேண்டிய நேரத்தில் விரியாத குழாய் இறுகிப்போகிறது. அதன் உட்பரப்பில் இரத்தத்தட்டுகளும் வெள்ளணுக்களும் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. இவையெல்லாம் நடக்கும்போது எலி சாப்பிடுகிறது, ஓடுகிறது. வெளியே நோயின் அடையாளம் பெரிதாய் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது, புரதத்தில் சர்க்கரை ஒட்டிக்கொள்வது. பாகு பட்ட துணி காய்ந்தபின் விறைத்துப்போவதை வீட்டில் கண்டிருப்பீர்கள். குழாய்ச் சுவரிலுள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கும் ஏறக்குறைய இதுவே நேரிடுகிறது. சர்க்கரை மெதுவாய் ஒட்டி, நாளடைவில் ஒரு இழையை மற்றொரு இழையோடு பிணைத்துவிடுகிறது. மிருதுவாயிருக்க வேண்டிய சுவர் விறைக்கிறது. தந்துகியைச் சுற்றியுள்ள அடித்தளச் சவ்வும் தடிக்கிறது. கொலாஜன் உடலில் மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுவதால், இன்று ஒட்டிய சர்க்கரை நாளை விலகுவதில்லை.

மூன்றாவது, விழித்திரையில் கண்டது. அங்கே தந்துகியை வெளிப்புறத்தில் தழுவிக்கொண்டு தாங்கும் ஒருவகைச் செல்கள் உண்டு. நீரிழிவில் இவை ஒவ்வொன்றாய் மடிகின்றன. 1960களின் தொடக்கத்தில் மனிதக் கண்களில் இதைக் கண்டார்கள். நீரிழிவு எலிகளிலும் நாய்களிலும் அதே மாற்றம் தெரிந்தது. தாங்குவார் இல்லாத தந்துகி சில இடங்களில் சிறு கொப்புளம்போல் புடைக்கிறது. சில இடங்களில் செல்களே இல்லாத வெறும் குழலாகி இரத்த ஓட்டம் நின்றுபோகிறது. நம் கண் டாக்டர்கள் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும்போது தேடுவது இந்தப் புடைப்புகளையும் கசிவுகளையும்தான்.

நாய்கள் கற்பித்த பாடம்

பிரியமானவர்களே, இனி நான் சொல்லப்போவதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் எங்கர்மன் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் நீரிழிவு உண்டாக்கப்பட்ட நாய்களை 5 ஆண்டுகள் வளர்த்தார்கள். சில நாய்களுக்கு இன்சுலினைக் கவனமாய்க் கொடுத்து சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தினார்கள். மற்றவற்றுக்கு உயிர் தரிக்கும் அளவே கொடுத்தார்கள். 1977ல் முடிவு வெளியானது. கட்டுப்பாடு இல்லாத நாய்களின் விழித்திரைக் குழாய்கள் சிதைந்திருந்தன. நல்ல கட்டுப்பாட்டிலிருந்த நாய்களுக்கு அந்தச் சிதைவு பெருமளவு தவிர்க்கப்பட்டிருந்தது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் குழாயைக் காக்கலாம் என்பதற்கு இது பலமான சாட்சி.

ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. தாமதமாய்த் தொடங்கினால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். வேறு சில நாய்களை முதல் இரண்டரை ஆண்டுகள் மோசமான கட்டுப்பாட்டிலும், அடுத்த இரண்டரை ஆண்டுகள் மிக நல்ல கட்டுப்பாட்டிலும் வைத்தார்கள். கட்டுப்பாடு தொடங்கிய நேரத்தில் அந்த நாய்களின் கண்களில் ஏறக்குறைய ஒரு பாதிப்பும் தெரியவில்லை. "நல்ல சமயத்தில் தொடங்கிவிட்டோம்" என்றே யாரும் நினைத்திருப்பார்கள். 1987ல் எங்கர்மனும் டிமதி கெர்னும் வெளியிட்ட முடிவு வேறுவிதமாக இருந்தது. இரண்டரை ஆண்டுகள் சர்க்கரை சரியாக இருந்தபோதிலும், அந்த நாய்களின் விழித்திரையில் பாதிப்பு தோன்றி வளர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த முதல் வருடங்களிலேயே கேடு விதைக்கப்பட்டிருந்தது.

இதைத்தான் மருத்துவர்கள் "உடலின் சர்க்கரை நினைவு" என்ற பொருள்பட அழைக்கிறார்கள். இரத்தத்திலுள்ள சர்க்கரை இன்று இறங்கலாம். ஆனால் நேற்றைய சர்க்கரையை இரத்தக் குழாய் மறப்பதில்லை. இதற்கு ஒரு காரணம், மேலே சொன்ன கொலாஜன் பிணைப்பு. 2008ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் மற்றொன்றையும் காட்டினார்கள். மனிதத் தமனியின் உள்தோல் செல்களை 16 மணி நேரம் மட்டும் மிகுந்த சர்க்கரையில் வைத்து, பிறகு இயல்பான நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் செல்லின் மரபுப் பொருளின்மேல் விழுந்த சில அடையாளங்கள் 6 நாட்கள் கழித்தும் நீங்கவில்லை.

நாய்க்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேருமா? அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைக் கொண்டு 1983 முதல் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 1993ல் வந்தது. சர்க்கரையை இறுக்கமாய்க் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை பாதிப்பு தோன்றும் ஆபத்து 76 சதவீதம் குறைந்திருந்தது. ஆய்வு முடிந்தபின் இரு குழுவினரின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆயினும் ஆரம்பத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களே பல ஆண்டுகள் கழித்தும் நலமாயிருந்தார்கள். அவர்களுக்கு இருதய நோயும் குறைவாகவே வந்தது. நம் பகுதியில் மிகுதியாய்க் காணப்படும் 2ஆம் வகை நீரிழிவைக் குறித்து இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 1998ல் வெளியானது. அதன் பத்தாண்டுத் தொடர்ச்சி 2008ல் வந்தபோது அதே பாடம் உறுதியாயிற்று. நாய்கள் சொன்னது மெய்யாயிற்று.

விலங்கு மனிதன் அல்ல

இப்படிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் அவசியம். விலங்கில் கண்டதெல்லாம் மனிதனுக்குப் பொருந்தும் என்று எண்ணிவிடக்கூடாது. 1949ல் டஃப், மக்மில்லன் என்பவர்கள் முயல்களுக்குக் கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்தார்கள். நீரிழிவு உள்ள முயல்களின் தமனியில் அதிகக் கொழுப்பு படியும் என்றே யாரும் எதிர்பார்ப்பார்கள். நேர்மாறாக, அவற்றில் குறைவாகவே படிந்தது. அந்த முயல்களின் இரத்தத்தில் கொழுப்புத் துகள்கள் மிகப் பெரியவையாக இருந்ததால் குழாய்ச் சுவருக்குள் நுழைய முடியவில்லை என்று பிற்காலத்தில் விளங்கியது. எலிக்கும் சுண்டெலிக்கும் இயல்பாகவே தமனியில் கொழுப்பு எளிதில் படிவதில்லை. மனிதக் கண்ணில் நீரிழிவின் முற்றிய நிலையில் முளைக்கும் புதுக் குழாய்களும் நீரிழிவு எலியின் கண்ணில் பொதுவாகத் தோன்றுவதில்லை.

மருந்து விஷயத்திலும் அப்படியே. 1986ல் அமினோகுவானிடின் என்ற பொருள், நீரிழிவு எலிகளின் தமனிச் சுவரில் அந்தச் சர்க்கரைப் பிணைப்பைத் தடுத்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் மனிதரில் சோதித்தபோது அது மருந்தாக நிலைபெறவில்லை. நம் தரமணியிலும் ஒரு உதாரணம் உண்டு. 1990ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள், சிறுகுறிஞ்சான் இலைச் சாறு கொடுக்கப்பட்ட நீரிழிவு எலிகளின் கணையத்தில் இன்சுலின் செல்கள் மறுபடி பெருகியிருக்கலாம் என்று எழுதினார்கள். நம் முன்னோர் சர்க்கரைக்கொல்லி என்று அழைத்த மூலிகை அது. மதிப்பிற்குரிய ஆராய்ச்சி. ஆனால் அதைக் கேள்விப்பட்டு இன்சுலினை நிறுத்திவிட்டுச் சாறு மட்டும் குடித்தால், நோயாளி உயிராபத்தில் போய் விழக்கூடும். எலியில் காண்பது ஒரு வழிகாட்டி. மனிதரில் சோதித்தபின்தான் அது வைத்தியமாகும். எந்த மூலிகையானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டே எடுத்துக்கொள்ள வேண்டும்.

காலும் நரம்பும்

நம் மிஷன் மருத்துவமனைகளின் சரித்திரத்திலும் இதற்குச் சம்பந்தமுள்ள ஒரு பக்கம் உண்டு. 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஊழியம் செய்த டாக்டர் பால் பிராண்ட், குஷ்டரோகிகளின் பாதங்கள் அழுகுவது நோய்க்கிருமியினால் மட்டுமல்ல, உணர்வில்லாமையினால் என்று கண்டவர். 1966ல் அமெரிக்காவின் கார்வில் நகருக்குச் சென்றபின், எலிகளின் பாதத்தில் இயந்திரத்தைக் கொண்டு சிறிய அழுத்தத்தைத் தினமும் ஆயிரக்கணக்கான முறை கொடுத்துப் பார்த்தார். ஒரு முறை கொடுத்தால் ஒன்றும் செய்யாத அழுத்தம், ஓயாமல் கொடுத்தபோது வீக்கமாகி, முடிவில் புண்ணாயிற்று. உணர்வுள்ள மனிதன் வலித்தவுடன் நடையை மாற்றிக்கொள்வான், செருப்பைக் கழற்றுவான். உணர்வில்லாதவன் அப்படியே நடந்துகொண்டிருப்பான்.

சர்க்கரை நோயாளியின் கால் இதே நிலைக்கு வருகிறது. நரம்புக்கு உணவு கொண்டுபோகும் நுண்குழாய்கள் பழுதடைய, நரம்பு மரத்துப்போகிறது. பெரிய தமனிகள் அடைபட, புண் ஆறத் தேவையான இரத்தம் வருவதில்லை. உணர்வும் இல்லை, இரத்தமும் இல்லை. ஒரு முள், ஒரு இறுக்கமான செருப்பு, வெயிலில் கொதிக்கும் சிமெண்டுத் தரை போதும். கால் விரலில் தொடங்கியது முழங்கால் வரை போய்விடுகிறது. ஆபரேஷனுக்கு முந்தின இரவு அப்படிப்பட்டவர்களின் கட்டிலண்டை உட்கார்ந்து ஜெபிப்பது என் ஊழியத்தில் மிகப் பாரமான வேளை. குடும்பத் தலைவர் கால் இழந்தால் ஆட்டோ நிற்கும், கடை மூடும், பிள்ளையின் படிப்பு கெடும்.

இரக்கத்தோடு பார்க்கவேண்டிய மற்றொரு பக்கம்

"அந்த மிருகங்கள் பட்ட பாடு நியாயமா, ஐயா?" என்று வாலிபர் கூட்டங்களில் கேட்கிறார்கள். இதைத் தள்ளிவிடக்கூடாது. மிருகங்களை ஆளும் பொறுப்பை மனிதனுக்குக் கொடுத்த தேவன், அடைக்கலான் குருவியையும் நினைவில் வைத்திருக்கிறவர். நம் வசத்திலுள்ள ஜீவனை இரக்கமாய் நடத்துவதும் நீதியைச் சேர்ந்தது என்பதே வேதத்தின் போதனை. ஆகவே விலங்கின் வேதனையை அற்பமாய் எண்ண நமக்கு உரிமையில்லை.

1959ல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் மூன்று கட்டளைகளைப்போல ஒரு நெறியை வகுத்தார்கள். விலங்கில்லாமல் செய்ய முடிந்தால் அப்படியே செய்யவேண்டும். முடியாவிட்டால் விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அவை படும் வேதனையையும் குறைக்க வேண்டும். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் 1998ஆம் ஆண்டின் விதிகளும், விலங்குச் சோதனை செய்யும் நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறவேண்டும் என்றும் கட்டளையிடுகின்றன. மாற்று வழிகளும் பெருகிவருகின்றன. ஆஸ்திரேலியாவில் செல்களைக் கொண்டு செய்த சோதனையை மேலே சொன்னேன். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையத்திலும் 2000களில் இரத்தக் குழாயின் உள்தோலைப் பற்றிய ஆராய்ச்சிகள் நடந்தன. வளர்க்கப்பட்ட செல்களையும், கோழி முட்டைக்குள் கருவைச் சுற்றிப் படரும் இரத்தக் குழாய்களையும் அதற்குப் பயன்படுத்தினார்கள்.

என் மனதில் படுவது இது. ஒரு ஜீவனின் வேதனையால் நமக்கு ஒரு அறிவு கிடைத்தபின், அந்த அறிவை உபயோகிக்காமல் அலட்சியமாய் இருப்பது இரட்டைக் குற்றம். அந்த நாய்கள் கற்பித்த பாடத்தை நாம் நோயாளிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் அவை பட்ட பாடு வீண்.

உங்கள் காணிக்கை எங்கே போகிறது?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். வலியில்லாத நோயாளிக்கு ஏன் செலவு? வலியில்லாத அந்த வருடங்கள்தான் குழாய் காக்கப்படும் வருடங்கள். கால் அழுகியபின் நாம் செய்வதும் தேவையான ஊழியமே. அதை ஒருநாளும் விடமாட்டோம். ஆனால் நோய் தெரிந்த முதல் மாதத்திலேயே கொடுக்கும் மாத்திரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும், வருடத்துக்கு ஒரு முறை செய்யும் கண், சிறுநீர், பாதச் சோதனைகளும் அந்த ஆபரேஷனே தேவைப்படாமல் காக்கக்கூடியவை. சபைகளில் நாம் நடத்தும் பரிசோதனை முகாம்களின் நோக்கமும் இதுவே.

நோயின் வாசற்படியில் நிற்கிறவர்களுக்கும் நம்பிக்கை உண்டு. சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரைக் கொண்டு நடத்தி 2006ல் வெளியிட்ட ஆய்வில், நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் மட்டுமே நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. தட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவதற்கும், காலையில் அரை மணி நேரம் நடப்பதற்கும் காணிக்கைகூடத் தேவையில்லை.

பல ஆண்டுகளாய் நோயோடிருக்கிறவர்கள் இதை வாசித்து மனம் சோர்ந்துபோக வேண்டாம். "காலம் கடந்துவிட்டது, இனி என்ன பயன்" என்பது நாய்களின் பாடமல்ல. இப்போது கட்டுப்படுத்தினாலும், இனி வரும் வருடங்களின் கேட்டையாவது குறைக்கலாம். இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கவனிப்பதும், புகையிலையை விடுவதும் எந்த வயதிலும் பலன் தரும். ஆனால் சர்க்கரையை அவசர அவசரமாய் இறக்கவும் கூடாது. பல ஆண்டு நோயும் இருதய ஆபத்தும் உள்ளவர்களுக்கு மிக இறுக்கமான கட்டுப்பாடு கொடுத்த ஒரு பெரிய ஆய்வில் மரணங்கள் கூடியதால், 2008ல் அந்தப் பகுதி நிறுத்தப்பட்டது. யாருக்கு எவ்வளவு என்பதை டாக்டரே தீர்மானிக்கட்டும். இந்த நோய் பாவத்தின் தண்டனை என்று சொல்லி யாரையும் புண்படுத்தவும் வேண்டாம்.

பிரியமானவர்களே, ஆலயத்தில் உங்கள் அருகில் அமர்ந்திருக்கும் ஒருவர் கடைசியாய் எப்போது சர்க்கரை பார்த்தார் என்று அன்போடு கேளுங்கள். உங்களுக்கே 30 வயது கடந்திருந்தால், ஒரு குறையும் இல்லாவிட்டாலும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். தாய் தகப்பனுக்கு நோய் இருந்தால் தாமதிக்கவே வேண்டாம்.

ஜெபக் குறிப்புகள்:

கால் இழந்து வீடு திரும்பும் சகோதர சகோதரிகளுக்காகவும் அவர்கள் குடும்பங்களின் பிழைப்புக்காகவும் ஜெபியுங்கள்.

நோய் இருந்தும் பயத்தினாலோ பணமில்லாமையினாலோ சிகிச்சைக்கு வராதவர்களுக்காக ஜெபியுங்கள்.

ஆய்வுக்கூடங்களில் உழைக்கிறவர்கள் ஞானத்தோடும் இரக்கத்தோடும் தங்கள் பணியைச் செய்யும்படி ஜெபியுங்கள்.

நம் டாக்டர்கள், நர்ஸ்கள், லேப் ஊழியர்கள், முகாம்களுக்கு உதவும் வாலிபர்கள் யாவருக்காகவும் ஸ்தோத்திரம் செலுத்துங்கள்.

 கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் சுகத்தோடு காத்தருள்வாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்